பன்மை விகுதி பாக்கி

நீடாமங்கலம் கேட் போட்டு
இருபத்தைந்து நிமிஷம்.
பைக் பின் சீட்டில் வேற்றுக்கிரகத் தளபதி:
யூரியா சாக்கில் தைத்த கவசம்,
முதுகில் மருந்தடிக்கிற டேங்க்,
தெர்மாகோல் தலைக்குள் வியர்க்கும் இளஞ்சேரன்.
தஞ்சாவூரில் வேஷப்போட்டி, பதினோரு மணிக்கு.

நெல்லு லாரியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.
"எந்த ஊரு தம்பி?"
"ஏழாவது நிலவுங்க."
"அங்க ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"

தளபதி முழித்தான்.
வண்டி ஓட்டும் ஜெசிமாதான்
அந்த நிலவுக்கு அகராதி எழுதுகிறவள்.
சேற்றுக்கு மட்டும் பதினேழு சொல்;
அணைக்கு ஒன்றுகூட இல்லை.

பெட்ரோல் டேங்க் மேல் நோட்டை விரித்தாள்.
வேலையில்லாமல் கிடந்த எழுத்தில் தொடங்கினாள்:
ஙூமி. பெயர்ச்சொல்.
ஆறாவது நிலவு மனசு வைத்தால் திறப்பது.

ரயில் போய்விட்டது. கேட் ஏறியது.
பின்னால் அத்தனை ஹாரனும்.
"இருங்கய்யா,
பன்மை விகுதி பாக்கி."