எழுபத்தாறு அங்குலம்

மூன்றாம் மாடியில் குழாய் வெடித்த இரவு.
இரண்டு கட்டில் அறைகள் அத்தனையும் ஈரம்.
டுலூத்தில் ஜனவரி. ஏரி கல்லாகிக் கிடந்தது.

ஆர்வோ, ரெய்னோ. அண்ணன் தம்பி.
பதிவில் தெளிவாகவே இருந்தது:
தனித்தனிக் கட்டில், நடுவே மேசை அவசியம்.
'அவசியம்' கீழே பகல் ஷிஃப்ட்காரி
கோடு வேறு போட்டிருந்தாள்.

நான் சிரித்த முகமாய்ச் சொன்னேன்:
உங்களுக்கு இலவசமாக மேல்தர அறை.
ஏரி பார்த்த ஜன்னல், குளியல் தொட்டி,
கிங் சைஸ் கட்டில்
ஒன்று.

அந்த ஒன்று மட்டும் இருவர் காதிலும் விழுந்தது.
பூட்ஸிலிருந்து பனி உருகி
கம்பளத்தில் இரண்டு குளங்கள்.
காலையில் நீதிமன்றமாம். அப்பாவின் கரையோர நிலம்,
வேலி எங்கே என்று பதினோரு வருட வழக்கு.

நள்ளிரவு தாண்டி போன் அடித்தது.
இன்னொரு தலையணைதான் கேட்பார்கள் என்று எடுத்தேன்.
"அளவு நாடா இருக்கிறதா?"

கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை இவர்.
எழுபத்தாறு அங்குலம். ஆளுக்கு முப்பத்தெட்டு.
மிச்சமில்லாமல் வகுபட்டதில்
இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றம்.

காலையில் மார்லிஸ் விரிப்பு மாற்றப் போனாள்.
நடுவில் தலையணைகள், நூல் பிடித்ததுபோல் நேராக.
போர்வை மட்டும் முழுக்க ஒரு பக்கம்.
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
ஜன்னல் பக்கம்.
குளிர் இறங்குமே, அந்தப் பக்கம்.

கருத்துச் சீட்டில் இரண்டு பேனா.
கட்டில்: "ரொம்பப் பெரிசு."
அதன் கீழே, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி:
"இவன் சொல்வதை நம்பாதீர்கள்."