இடவல மாற்றம்

கார்த்திகையில் தாளை நனைக்க வேண்டியதில்லை,
முத்தியால்பேட்டைக் காற்றே நனைத்துவிடும்.
இரவு விரித்து வைத்தால் காலையில்
காய்ச்சல் விட்ட முதுகு போலக் கிடக்கும்.

ஸ்தனிஸ்லாஸ் மாடி ஏறுகிறான்.
ஒரு படி சதை, ஒரு படி ரப்பர்.
கீழே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஜாபர் பாய்
ஸ்பானரை வைத்துவிட்டு எண்ணுவார்
பதினெட்டு வரும்வரை.

மெழுகு தடவிய துத்தநாகத் தகடு தரையில்.
ஏறி நில் என்றேன். நின்றான்.
"சில்லுங்குது."
எந்தக் காலு?
குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னான்:
"எடது."

காலாப்பட்டு வளைவில், டேங்கர் லாரிக்கு அடியில்
மூன்று வருடம் முன்பு போன கால் அது.

அமிலம் எதையும் விசாரிப்பதில்லை.
வலது குதிகாலின் பித்தவெடிப்பு,
இடது குதிகாலில் ஃபெவிபாண்ட் ஒட்டிய கீறல்
இரண்டையும் ஒரே பசியோடு தின்றது.
கோழி இறகால் குமிழிகளை ஒதுக்கியபடி நான்
இருமிக்கொண்டு நின்றேன், ஆறு நிமிடம்.

மேட்டுப்பாளையம் லேத்தில் செய்த என் அச்சு எந்திரம்
கரும்பு ஜூஸ் மெஷினுக்கு அக்கா.
சக்கரத்தைச் சுற்றும்போது கிறீச்சிடுவது
அதன் அச்சா, என் தோளா?
இருவருக்கும் எண்ணெய் போட்டுப் பார்த்தாயிற்று.

தாளை உரித்தேன்.
இடப்பக்கப் பாதத்தில் விரல் வைத்து
"இதான் ரப்பரு" என்றான்.
இல்லை, அச்சில் எல்லாம் பக்கம் மாறும்.
அது உன் சதை.
கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.
"அப்ப எடது காலு வந்துருச்சு.
இன்சூரன்ஸ்காரன் கண்ல காட்டிராத,
கேஸ மூடிருவான்."

ஓரத்தில் என் பெருவிரல் மை. விற்க முடியாத படி.
அதைத்தான் கேட்டான்.
காயட்டும் என்றேன், கேட்கவில்லை.
மார்போடு அணைத்தபடி இறங்கினான்.
இந்நேரம் சட்டையில் பதிந்திருக்கும்,
இன்னொரு முறை பக்கம் மாறி,
பழையபடி.

செம்புத் தகடு எனக்குக் கட்டுபடியாகாது.
என்னிடம் இருக்கும் ஒரே செம்பு
எல்லைப்பிள்ளைச்சாவடி ஆஸ்பத்திரியில்
இரண்டாம் பிள்ளைக்குப் பின் உள்ளே வைத்தது.
பத்து வருடம் தாங்கும் என்றாள் நர்ஸ்,
சன்னமாய்க் கரைந்துகொண்டே இருக்குமாம்.
தகடு என்னை அரிக்கிறதா, நான்தான் அமிலமா
என்று கேட்க அவளுக்கு நேரமில்லை,
வரிசையில் இன்னும் பதினோரு பேர்.

ஆங்கில டி எழுத்து அது.
எந்தப் பக்கம் திருப்பி அடித்தாலும்
அப்படியேதான் விழும்.