எட்டாத கம்பி

"கடிக்குது அண்ணா" என்றான் முர்ஷித்,
பட்டறையில் பழகிய தமிழில்.
"பெரிசா இல்ல. எறும்பு மாதிரி."

பதினேழாம் எண் டிரில்.
சதுரத்துக்குள் சதுரம் பொறித்த புது மிஷின்கள்போல
பிளாஸ்டிக் சட்டை போட்டதில்லை இது.
பழசு. உடம்பெல்லாம் உலோகம்.
துவாஸில் மூன்று நாளாக டிசம்பர் மழை;
ஷட்டரின் அடியில் புகுந்த தண்ணீர்
அவன் பூட்ஸைச் சுற்றி நின்றிருந்தது.
பெட்டியில் பிரேக்கர் விழவில்லை.
எறும்புக்கெல்லாம் அது விழாது.

பிளக்கின் ஸ்குரூவைக் கழற்றினேன்.
பழுப்பு இருந்தது. நீலம் இருந்தது.
பச்சையில் மஞ்சள் கோடிட்டது மட்டும்
பின்னால் மடிந்து
கறுப்பு டேப்புக்குள் சுருண்டிருந்தது,
காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல, அத்தனை சுத்தமாக.
யாரோ இழுத்து அறுத்த ஒயரை
யாரோ அவசரத்தில் மாட்டியிருக்கிறார்கள்.
மூன்றில் அது மட்டும் அரை அங்குலம் எட்டவில்லை.
எட்டாததைத் தூங்கவைத்துவிட்டு
மூடியை முடுக்கியிருக்கிறார்கள்.

மிஷின் ஓடியது. அதுதான் விஷயம்.
பழுப்பு அறுந்தால் நிற்கும்,
நீலம் அறுந்தால் நிற்கும்,
உடனே திட்டிக்கொண்டே என் ஜன்னலுக்கு வருவார்கள்.
இது அறுந்தால் எதுவும் ஆகாது.
துளை விழும், தூள் பறக்கும்,
ஓவர்டைம் கணக்கில் ஏறும்.
சும்மா இருப்பதற்கென்றே போட்ட கம்பி
இல்லாமல் போனதும் சும்மாவே இருக்கும்,
உள்ளே எங்கோ ஒரு காப்பு உரிந்து
இரும்புக்கு உயிர் வரும்வரை.
அப்போது மின்சாரம் தரைக்கு வழி கேட்கும்.
கம்பி பதில் சொல்லாவிட்டால்
ஒரு கை, ஒரு மார்பு, இரண்டு ஈரக் கால்.

தரை என்கிறேன்.
கடலில் மணல் கொட்டி மேடாக்கிய இடம் இது,
எங்களில் பாதிப் பேரைப் போல
வேறெங்கிருந்தோ வந்து இறங்கியது.
மின்சாரம் ஊர் பேர் கேட்பதில்லை.
ஈரமாக இருந்தால் போதும் அதற்கு.

பிளக்கில் மேலே நிற்கிறதே பித்தளைக் கால்,
மூன்றில் அதுதான் நீளம்.
முதலில் நுழைந்து
மற்ற இரண்டுக்கும் கதவு திறக்கும்;
கடைசியில் வெளியே வரும்.
இத்தனை நாளும் ஒழுங்காகத் திறந்திருக்கிறது
பின்னால் ஆளே இல்லாமல்.

யார் செய்த வேலை என்று
பட்டறையில் ஒவ்வொரு முகமாக யோசித்தேன்.
வெல்டர் ஆ கியாட், ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள்,
போன மாதம் பெர்மிட் முடிந்து போனவன்.
பிறகுதான் சீட்டைத் திருப்பினேன்.

டிசம்பரின் நிறம் நீலம்.
ஒயரில் நீல டேப் பளிச்சென்று இருந்தது.
சோதித்தவர்: இரா. தணிகைவேல்.
என் கையெழுத்து, கடைசியில் நான் இழுக்கும் வாலோடு.
ஒன்றாம் தேதி, மாலை ஐந்தரை.
நாற்பத்திரண்டு மிஷின், ஒரு பேனா.
பஸ் ஐந்து நாற்பதுக்கு.

முர்ஷித் காத்திருந்தான்.
வெட்டுக்குறட்டால் பிளக்கைத் துண்டித்தேன்.
இனி அவசரத்துக்கும் யாரும் சொருக முடியாது.
"நான் திறந்து பாக்கல" என்றேன்,
அவனுக்குப் புரிகிற சின்னத் தமிழில்.
புரிந்தது.
வலது கையை ஒருமுறை மூடித் திறந்தான்.

இருபத்திரண்டை எடுத்து வைத்தேன்.
நீல டேப், சீட்டு, அதே வால்.
அவன் மிஷினைத் தொடவில்லை.
பிளக்கைப் பிடித்துத் திருப்பினான்,
என்னைப் பார்க்காமல்
ஸ்குரூடிரைவருக்குக் கை நீட்டினான்.