படுக்கையறைகள்: மூன்று

செவ்வாயும் வியாழனும் மட்டும் திறக்கும் ஜன்னல் என்னுடையது.
மின்னசோட்டாவின் வடக்கே, வரைபடத்தில்
ஊர்ப்பெயர்கள் தீர்ந்து ஏரிப்பெயர்கள் தொடங்கும் இடம்.
வீடு கட்டுவோரின் பொய்களை வாங்கி வைப்பது என் வேலை.
கோழிக்கூண்டு என்று எழுதிவிட்டு
உள்ளே குளியல்தொட்டி வைத்தவர்களைத் தெரியும் எனக்கு.

ஆர்டிஸ் ஹௌகன் வந்தது அக்டோபர் கடைசியில்.
பூட்ஸில் மரத்தூள்.
கட்டம்போட்ட தாளில் பென்சில் படம்,
சமையலறைமேல் ஒரு காபி வட்டம்.
வேலையின் விவரம் என்ற இடத்தில்
"தையல் அறை".

படத்தைப் பார்த்தேன்.
தரைத்தளம். கதவு மூன்றடி அகலம். நிலைப்படி இல்லை.
ஒட்டினாற்போல் கழிவறை, சுவரில் கைப்பிடி.
என்ன தைக்கப் போகிறாய் என்று கேட்கவில்லை.
அலமாரி எதற்கு என்றேன்.
"துணிக்கு."
அது பொய்யில்லை.

சொல்லவேண்டியதைச் சொன்னேன்.
உறைபனி ஐந்தடிவரை இறங்கும், அஸ்திவாரம் அதற்கும் கீழே.
ஓடையிலிருந்து நூறடி தள்ளி.
தீப்பிடித்தால் ஆள் ஏறிக் குதிக்கிற அளவுக்கு ஜன்னல்,
அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து
நாற்பத்து நாலு அங்குலத்தைத் தாண்டக் கூடாது.
பிறகு செப்டிக் டேங்க்.
இங்கே பொதுச் சாக்கடை கிடையாது,
அவரவர் அழுக்கு அவரவர் மண்ணில்.
தொட்டியை நாங்கள் தலைகளால் அளப்பதில்லை,
படுக்கையறைகளால் அளக்கிறோம்.
உன்னுடையது மூன்றுக்குப் போதும்.
நாலாவது வந்தால் தோட்டத்தைக் கிளறிப் புதுக் குழாய்கள்,
பதினெட்டாயிரம் டாலர், அதுவும் மண் இளகிய பிறகு.

பேனாவை மூடினாள். திறந்தாள். மூடினாள்.
"வெர்லின் வருகிறான்."

வெர்லினை யாருக்குத் தெரியாது.
ஒன்பது வருடம் முன், மான் வேட்டைக்கென்று கிளம்பி
டுலூத்தில் வேறொருத்தி வீட்டில் தங்கிவிட்டவன்.

"நுரையீரல். வசந்தம்வரை என்கிறார் டாக்டர்.
படியேற முடியாது.
மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, டுவேன்.
ஆஸ்பத்திரிக் கட்டில் சமையலறைக்குள் நுழையவில்லை,
அவ்வளவுதான்."

விதிகள் அறுபத்தொரு பக்கம்.
படுக்கையறை என்றால் என்ன என்பதற்கு ஒரே வரி:
கதவு, ஜன்னல், துணி அலமாரி, மூன்றும் உள்ளது.
யார் படுக்கிறார், யாரோடு,
தூங்குகிறாரா, வெறுமே கண்மூடிக் கிடக்கிறாரா,
கேட்கப்படவில்லை.

"மாடியில் எத்தனை அறை?"
"மூன்று."
"யாரும் படுக்காதது?"
வெளியே நின்ற தன் பிக்கப் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கிழக்கே இருக்கிற பெரியது. நான் சோபாவில்தான்."

"அதன் கதவைக் கழற்று. அலமாரியைப் பெயர்த்து எடு.
சட்டப்படி அது அப்புறம் அறையில்லை, வெறும் இடம்."
"அவ்வளவு சுலபமா?"
"கட்டணம் நூற்று நாற்பது. காசோலையாக."

நவம்பர் பாதியில் போனேன், மண் இரும்பாகும் முன்.
குழியில் அளவுகோல் இறக்கினேன்.
ஐந்தடி இரண்டங்குலம்.
தனியாளாய்த் தோண்டியதை
யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி தோண்டியிருந்தாள்.

மாடிக்கும் போனேன். போகவேண்டும்.
கீல்கள் இருந்த இடத்தில் பன்னிரண்டு திருகு ஓட்டைகள்,
மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது.
கட்டிலின் தலைமாடு சுவரை உரசிய கோட்டை மட்டும்
அவள் தொடவில்லை.
அதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

கதவு கீழே கிடந்தது, இரண்டு முக்காலிகளின் மேல்.
அதன்மேல் வைத்துத்தான்
புது அறைக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தாள்.
ரம்பம் அங்கங்கே கதவையும் தின்றிருந்தது.

படுக்கையறைகள், மூன்று, என்று எழுதினேன்.

அனுமதி அட்டை மஞ்சள் நிறம்.
சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி ஒட்டவேண்டும்.
அந்தச் சாலையில் போவது
தபால் வண்டியும், பனி தள்ளும் வண்டியும்,
இனி ஆக்ஸிஜன் கொண்டுவருகிறவனும்.
ஒட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று
நேராக இருக்கிறதா என்று கேட்டாள்.

இடப்பக்கம் கொஞ்சம் தூக்கு, என்றேன்.