இரண்டரை டன்

செப்டம்பர் சம்பளத்தை மேசைமேல் பரப்பி
மூன்று முறை எண்ணினேன்.
மூன்று முறையும் அதே தொகை.
பணத்துக்குக் கூச்சமே இல்லை.

நரின் நகரத்துக் குளிருக்கு
நான்கு டன் கரி கேட்கும் வீடு இது.
கையில் இருப்பது இரண்டு டன்.
அக்டோபர் நடுவில் சாலை வேலை நின்றுவிடும்.
அதன்பிறகு சாதிரின் கைகளுக்கு
சட்டைப்பைதான் உத்தியோகம்.

கிழக்கு அறையைச் சாத்திவிடலாம் என்றேன்.
பதில் சொல்லாமல் கட்டிலைக் கழற்றத் தொடங்கினான்.
இந்தப் பக்கம் மறுபடி பூட்டியபோது
திருகாணி ஒன்று குறைந்தது.
அடுப்பிருக்கும் அறையில் இனி நான்கு பேர்,
ஆடும் கட்டில் ஒன்று,
உருளைக்கிழங்கு மூட்டை ஆறு.

பழைய படுக்கை விரிப்பை நாடா நாடாவாகக் கிழித்து
சோப்புத் தண்ணீரில் நனைத்து
சன்னல் இடுக்குகளில் ஒட்டினோம்.
மேலே இருக்கும் சின்னக் கதவை மட்டும் விட்டுவிடு
சிகரெட் பிடிக்க வேண்டும் என்றான்.
அந்தப் புகைக்குப் பின்னால்
எத்தனை வாளி கரி போகும் தெரியுமா என்றேன்.
சாப்பாடு ஆறிப்போகும்வரை யாரும் பேசவில்லை.
காலையில் பார்த்தால் அதுவும் ஒட்டியிருந்தது.
முற்றத்தில் அவன் இருமிக்கொண்டிருந்தான்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே
ஓர் ஈ அகப்பட்டுக்கொண்டது.
பெக்தூர் அதற்குப் பெயர் வைத்தான்.
பெயர் வைத்தபின் பிரிக்கச் சொல்லி அழுதான்.
பிரிக்கவில்லை.
நாடா மிச்சமில்லை.

வடக்குச் சுவரில் தொங்கிய கம்பளம்
என் கல்யாணத்துக்கு வந்தது.
சிவப்பு, ஓரத்தில் ஆட்டுக்கொம்புச் சுருள்.
சந்தைக்காரன் புரட்டிப் பார்த்து
அந்து அரித்த இடத்தில் விரலை விட்டு ஆட்டினான்.
அந்த விரலுக்கு ஐந்நூறு சோம் குறைந்தது.
மீதிக்கு அரை டன் கரி.

கம்பளம் போன இடத்தில்
சுவர்க்காகிதம் புதிதாக, பச்சையாக,
மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய சட்டைபோல் இருந்தது.
அங்கிருந்துதான் குளிர் வந்தது.
பள்ளிக்கூடச் சமையலறை வாசலில் கிடந்த
வாழைப்பழ அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து
பிரித்து விரித்து இரண்டு அடுக்காக ஆணியடித்தோம்.
எக்வடார், எக்வடார், எக்வடார் என்று
ஐசிரெக் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
அங்கே கரி என்ன விலை என்று கேட்டாள்.

லாரியில் வந்தது பாதி கட்டி, பாதி தூள்.
மெதெர் தராசைப் பார்த்துப் பேசினான்,
என்னைப் பார்த்துப் பேசவில்லை.
தூளைச் சாணத்தோடு பிசைந்து உருட்டி வெயிலில் வைத்தேன்.
பட்டியில் மிதிபட்டு இறுகிக் கிடந்ததை
மண்வெட்டியால் செங்கல் செங்கலாகச் சாதிர் வெட்டினான்.
ஏப்ரலுக்கு அந்த வறட்டிதான்.
அதுவரை நாளுக்கு ஒன்றரை வாளி,
இருநூற்றைம்பது வாளி,
மார்ச் முப்பதோடு சரி.
எடுக்க எடுக்கக் கொட்டகைக் கதவில்
ஐசிரெக் சுண்ணாம்புக் கோடு போட்டாள்.

முப்பத்தொன்றாம் கோட்டன்று பனி விழுந்தது.
அன்று மாலை கனிஷை வந்து நின்றாள்,
வாளியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி.
உப்பு இருக்கிறதா என்று கேட்டாள்.
உப்பும் கொடுத்தேன்.
அரை வாளி கரியும் கொடுத்தேன்.
முழு வாளி கொடுக்கும் அளவுக்கு
நான் நல்லவள் இல்லை.

அரைக்கோடு எப்படிப் போடுவது என்றாள் ஐசிரெக்.
சின்னதாகப் போடு என்றேன்.

இரவு காற்று வடக்குச் சுவரில் மோதியது.
அட்டைகள் லேசாக உப்பி அடங்கின,
உப்பி அடங்கின.
ஆடும் கட்டிலில் நான்கு பேரின் மூச்சு.
விழித்திருந்தது நான்தான் என்று நினைத்தேன்.
இருட்டில் சாதிர் சொன்னான்:
அந்தத் திருகாணி
கிழக்கு அறைக் கதவிடுக்கில் கிடக்கிறது.
வசந்தத்தில் எடுத்துக்கொள்ளலாம்.