மெழுகு காயும் நேரம்

நல்லதண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா.
அதில் காரைக் கழுவினால்
பூவாத்தாக்கா காம்பவுண்டுக்கு மேலே
தலையை மட்டும் வைத்துப் பார்ப்பார், பேசமாட்டார்.
ஆகவே போர்த்தண்ணி.
அது உப்பு. துடைக்காமல் விட்டால்
பானெட் முழுக்கத் தேமல்.

பிச்சம்பாளையத்தில் ஞாயிறு ஏழு மணிக்கு
எதிர்க் கம்பெனிச் சுவரின் நிழல்
எங்கள் வாசலில் கிடக்கும்.
அது சுருண்டு போவதற்குள் முடிக்க வேண்டும்.

இரண்டு வாளி.
ஒன்றில் நுரை, ஒன்றில் வெறும் தண்ணீர்.
துணி முதலில் வெறும் தண்ணீரில் மண்ணைக் கக்கணும்,
பிறகுதான் நுரைக்குள் போகணும்.
ஒரே வாளியில் முக்குகிறவர்கள்
தங்கள் காரைத் தங்கள் மண்ணாலேயே கீறுகிறார்கள்.
பதினாறு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவள் சொல்கிறேன்,
கறையைக் கண்ணுக்கு முன்னால்
விரல் பார்த்துவிடும்.

துணிக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்.
ஜெர்மனிக்குப் போயிருக்க வேண்டிய ஒரு குழந்தையின் சட்டைக்கை,
பாதி யானை அச்சோடு.
அச்சு கீறும்.
யானையை உள்ளே வைத்து மடித்துக்கொள்கிறேன்.

மேலிருந்து கீழே. கூரை, கண்ணாடி, கதவு,
கடைசியில்தான் சக்கரம்.
பல்லாங்கியாய்ப் போன பழைய பல்துலக்கியால்
நட்டுகளின் இடுக்கு.
தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய், ஒரு சொட்டு.
டிக்கியின் ரப்பர் ஓரத்தில்
ஒரு நெல் முளைத்திருக்கிறது.
வெள்ளக்கோயில் அரிசிமில்காரர் பதினோரு வருடம் ஓட்டிய வண்டி.
எந்த மூட்டையிலிருந்து எப்போது விழுந்ததோ,
போன வார மழையில்தான் அதற்கு ஞாபகம் வந்திருக்கிறது.

சீட்டு எடுத்த பணம்.
எட்டுப் போடும்போது முதல் தடவை ஒரு கம்பத்தைச் சாய்த்தேன்,
நாற்பத்திமூன்று வயதில்.
இரண்டாம் தடவை இன்ஸ்பெக்டர்
பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.
தம்பி தனபால் இன்னும் சொல்கிறான்:
“ஏனுங்க்கா, தனியா எடுக்காதீங்.
தொணைக்கு ஆரையாச்சும் கூட்டிக்கங்.”

துடைத்தாயிற்று.
இனி மெழுகு.
ரூபாய் அகலத்துக்கு எடுத்து, வட்டம் வட்டமாய்,
அழுத்தாமல், காய்ச்சல்காரக் குழந்தையின்
நெற்றியைத் தொடுகிற அளவுக்கு.
பிறகு சும்மா இருக்க வேண்டும்.
எல்லாரும் தோற்பது இந்த இடத்தில்தான்.
அடர்நீலம் மங்கி, சாம்பல் பூத்து,
விரலால் இழுத்தால் கோடு விழும் வரை
கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

டிக்கி மூடியில் துடைக்க ஆரம்பித்தபோது
சாய்வெயில் முதல் கீற்று வந்து விழுந்தது.
எழுத்துகள்.
ஸ்டிக்கர் இருந்து எடுத்த இடம்,
வெயில் படாத நீலம், கொஞ்சம் ஆழமாக.
து. ணை.
மேலே கண்ணாடியில் சாமி பேர் இருந்திருக்கும்.
அண்ணமாரோ, செல்லாண்டியம்மனோ,
விற்கும்முன் உரித்துவிட்டார்கள்.
கண்ணாடி சுத்தமாக மறந்துவிட்டது.
பெயிண்ட் மறக்கவில்லை.

மில்காரருக்குப் போன் போட்டுக் கேட்கலாம்,
எந்தச் சாமிங்க அது என்று.
ஞாயிற்றுக்கிழமை காலையில்
ஒரு மனுசனிடம் கேட்கிற கேள்வியா இது.

தேய்த்தேன்.
சுற்றியிருக்கிற வெளிறல் போனால்
இதுவும் கரைந்துவிடும் என்று
யானைத் துணியைத் திருப்பிப் பிடித்து,
இன்னும் கொஞ்சம் மெழுகு வைத்து.
தேய்க்கத் தேய்க்க
அந்த இரண்டெழுத்து பளபளவென்று
கம்பெனிச் சுவரையும் சேர்த்துக் காட்டியது.
என் மூக்குத்திகூடத் தெரிந்தது, ‘ணை’யின் சுழியில்.

அப்போதுதான் குழாய் இருமியது.
சொல்லாமல் கொள்ளாமல்
ஆறாம் நாளே நல்லதண்ணி.
“தண்ணி வந்திருச்சு, போட்டுட்டு வா புள்ளெ!”
பூவாத்தாக்காவின் தலை.

கூரையிலும் இடது கதவிலும்
மெழுகு வெள்ளையாய்க் காய்கிறது.
இறுகிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.
தெரிந்துதான்
குடத்தோடு ஓடுகிறேன்.