முட்டு

மார்ச் முப்பத்தொன்றுக்குள்
ஏரியைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு.
இன்று இருபத்தொன்பது.

டிரெய்லர் என் பங்கு. டிரக் தம்பியின் பங்கு.
ஜனவரியில் அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்,
ஒரு தொட்டி பிக்கரெல் மீனுக்குக்
கணக்கு இடித்த அன்று.
கொக்கியைக் கழற்றிவிட்டு எகெர்ட் போனான்.
சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தபோது
ஹெக்லா தீவுப் பக்கம்
இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

அன்றிலிருந்து இதன் மூக்கைத்
தாங்கி நிற்பது ஒற்றைக்கால் ஜாக்.
அடியில் பலகை வைக்கத் தோன்றவில்லை எனக்கு.
பகல் வெயில் இரும்பைச் சுட்டது,
இரும்பு பனிக்கட்டியைக் குழித்தது,
இரவு வந்து குழியை மூடியது.
மூன்று மாதத்தில் ஒரு ஜாண் கால்
ஏரிக்குச் சொந்தமாகிவிட்டது.

மூக்கின் கீழ் கட்டைகளை அடுக்கி
முட்டுக் கொடுத்தேன்.
கெட்டிலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன்.
ஆறாவது கெட்டிலுக்குக் கால் முனகியது.
எட்டாவதற்கு விட்டுக்கொடுத்தது.

அப்புறம்தான் பார்க்கிறேன்:
மேற்கே, மூக்குக்கு நேரே, விரிசல்.
ஒரு கை அகலம், உள்ளே கறுப்புத் தண்ணீர்.
எந்த டிரக்கும் இனி அந்தப் பக்கம் வராது.
வடக்கே திருப்ப வேண்டும், கால் வட்டம்,
ஆயிரத்து எண்ணூறு கிலோவை, நான் ஒருத்தி.

வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் விறகு.
இடது சக்கரம் தன் பாட்டுக்கு உருளட்டும்.
பண்ணை ஜாக்கை மூக்கின் கீழ் நட்டு
கிளிக், கிளிக், கிளிக்,
இடுப்பு உயரம் வரை.
இனி செய்யப்போவதை
எந்தக் கையேடும் செய்யாதே என்றுதான் சொல்லும்.
கைப்பிடிக்கு எதிரே தாடையை வைக்காமல்
பக்கவாட்டில் நின்று
தோளால் ஒரு தள்ளு.

சாய்ந்தது. ஜாக் ஒரு பக்கம் பறந்தது.
மூக்கு பலகைமேல் விழுந்த அதிர்ச்சியில்
ஏரி நெடுந்தூரத்துக்கு உறுமி அடங்கியது.
உள்ளே தட்டுகள் உடையும் சத்தம்.
அளந்தேன். ஒரு முழம்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.
நகரும், நகரும்.
அம்மிக்குள் கண்ணாடித் தட்டு இருக்காது.

நாலாவது முறை பலகை பிளந்தது.
ஒன்பதாவதில் கையுறையோடு நகம் போனது.
அதற்குப் பிறகு எண்ணவில்லை,
எகெர்ட்டைத் திட்ட ஆரம்பித்திருந்தேன்,
நல்ல தாளக்கட்டு கிடைத்தது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மூக்கு வடக்கைப் பார்த்தது.
நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன்.
வடக்கிலிருந்து இரண்டு விளக்குகள்.
யார் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை.

அவன் இறங்கவில்லை.
டிரக்கைத் திருப்பிப் பின்னால் விட்டான்.
கண்ணாடியில் அவனுக்கு என் கை மட்டும் தெரிந்திருக்கும்.
யாராவது வாயைத் திறந்தாக வேண்டும்.
"இடது," என்றேன்.
மூன்று மாதத்தில் முதல் சொல்.
"இன்னும். இன்னும். நேர் பண்ணு. நிறுத்து."
குண்டு இரண்டு விரல் உயரத்தில் இருந்தது.
ஒற்றைக்கால் ஜாக்கை ஏழு சுற்று ஏற்றி,
"ஒரு சாண் பின்னால்," என்று சொல்லி,
ஏழு சுற்று இறக்கினேன்.
டக்.

ஜன்னல் இறங்கியது.
"பலகை வைக்கலையா, ஸ்வாவா?"
"கழட்டினவன் வச்சிருக்கணும்."
ஜன்னல் ஏறியது.

முன் இருக்கையில் மீன் வாடை, ஹீட்டர் காற்று.
கிளம்பி இருபதடி போனதும்
பின்னால் கிரீச்சென்று ஒரு சத்தம்.
ஜாக் காலை முழுக்க மேலே ஏற்றவில்லை நான்.
பனிமேல் கோடு கிழித்துக்கொண்டு வருகிறது.
எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது.
அவன் சொல்லட்டும் என்று நானும்
நான் சொல்லட்டும் என்று அவனும்
விரிசல் கண்ணுக்கு மறையும்வரை
நேரே பார்த்துக்கொண்டு போனோம்.